பாட்டன் பிறந்த கடுதாசி: ‘தகுதி’ என்னும் இடக்கரடக்கல்

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலச் சட்டமன்றம் 2177 என்று எண்ணிட்ட மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிற எவரும் தம் விரிவான பிறப்புச் சான்றிதழைத் தாக்கல் செய்யணும். செய்யாதவர் பெயர் அந்த மாநிலத்தின் வாக்குச்சீட்டில் வராது. பிறந்த தேதியும் இடமும் போதாது. மருத்துவமனையின் பெயர், பிரசவம் பார்த்த மருத்துவரின் பெயர், சாட்சிகள் இருந்தால் அவர்களுடைய கையெழுத்து என இவ்வளவும் வேணும். இது இல்லாதவருக்கு மாற்று ஏற்பாடும் உண்டு: குழந்தைப் பருவத்து ஞானஸ்நானச் சான்று அல்லது சுன்னத்துச் சான்று, ஆஸ்பத்திரிப் பதிவு, பேறுகாலத்துக்குப் பின் தாய்க்கோ பிள்ளைக்கோ எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பு, பழைய மக்கள்தொகைக் கணக்குப் பதிவு போன்றவற்றில் இரண்டைக் காட்டலாம். மாநில ஆளுநர் ஜேன் புரூவர் மசோதாவைக் கொண்டுவந்தவர்களின் கட்சிக்காரர்தான். அவரே ஏப்ரல் 18 அன்று கையெழுத்திட மறுத்து அதைச் சாகடித்தார். நாட்டின் உயர்ந்த பதவிக்கு வருகிறவரிடம் சுன்னத்துச் சான்று கேட்கும் காகிதம் தம் மேசைக்கு வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லையாம்.

வெள்ளைக்காரன் வேடிக்கை என்று வாசித்துவிட்டுப் போய்விடலாம்தான். பொன்னமராவதிப் பக்கத்துக்காரர்களுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. ‘உன் பாட்டன் எங்கே பிறந்தான், கடுதாசி கொண்டா’ என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்கு 1948லேயே வந்துவிட்டது. அப்போது அதைச் சந்தித்தவர்கள் அதிபர் பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் அல்லர், தேயிலை பறித்தவர்கள். மேலே பதவிக்கு வருகிறவரிடம் கேட்கப்படும் சான்றுக்கும், கீழே வாக்குரிமைக்கு நிற்கிறவரிடம் கேட்கப்படும் சான்றுக்கும் இடையிலுள்ள உறவைத்தான் இங்கே யோசிக்க விரும்புகிறேன். இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே புரியாமல் போகிறது.

முதலில் அமெரிக்க விஷயத்தை முடித்துக்கொள்வோம். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் இரண்டாவது பிரிவு அதிபருக்கு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: பிறப்பால் குடிமகனாக இருக்கணும், 35 வயது நிரம்பியிருக்கணும், 14 ஆண்டுகள் நாட்டில் வசித்திருக்கணும். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நிபந்தனைகள் இருந்தன. வேட்பாளர் ஒவ்வொருவரும் பிறப்புச் சான்றைக் காட்டியாக வேண்டும் என்ற தேசியச் சட்டம் ஏதும் வரவில்லை. கென்யத் தந்தைக்குப் பிறந்த ஒபாமா 2008இல் வேட்பாளர் ஆனபோதுதான் சான்று ஒரு பிரச்சினையானது. 1961இல் ஹொனலூலுவில் பிறந்ததற்கான சான்றிதழ் அந்த ஆண்டே வெளியிடப்பட்டது. போதவில்லை. 2009 மார்ச்சில் புளோரிடாவின் பில் போசி, வேட்பாளர்களின் பிரச்சாரக் குழுக்கள் பிறப்புச் சான்றை இணைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அது குழுவிலேயே செத்தது. பிறகு பல மாநிலங்களில் இதே மாதிரி மசோதாக்கள். 2011 ஏப்ரல் 27இல் ஒபாமா விரிவான சான்றிதழையும் வெளியிட்டார். அப்போதும் பலருக்குத் திருப்தி இல்லை. சான்று கேட்டு ஊரைக் கூட்டியவர்களில் முதன்மையானவரான டொனால்ட் டிரம்ப், ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவர்தான் என்று 2016 செப்டம்பரில், தாம் வேட்பாளராக நின்றபோது, ஒருவழியாகச் சொன்னார்.

அதே 2008 தேர்தலில் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் உண்மையாகவே அமெரிக்க மாநிலங்களுக்கு வெளியே, பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்தவர். அப்பா கடற்படை அதிகாரி. அவருக்கு என்ன நடந்தது? ‘இவர் பிறப்பால் குடிமகனே’ என்று செனட் 2008 ஏப்ரலில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. வெளியே பிறந்தவருக்குத் தீர்மானம், உள்ளே பிறந்தவருக்கு மசோதா. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இப்படியொரு மசோதா வந்தால் கையெழுத்திடுவேன் என்றவர்களில் லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டாலும் ஒருவர். பஞ்சாபிலிருந்து போன பெற்றோருக்குப் பிறந்தவர். சொன்ன கையோடு தம் பிறப்புச் சான்றையும் எடுத்து வெளியிட வேண்டியதாயிற்று அவருக்கு. 2020இல் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரானபோது, அவர் ஓக்லாந்தில் பிறந்ததில் சந்தேகமே இல்லாத நிலையிலும், பிறந்த சமயத்தில் பெற்றோர் குடிமக்களா என்ற கேள்வி எழுப்பப்பட்டது. துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூசை செய்தவர்கள் இதைக் கவனித்தார்களா தெரியாது. கேள்வி பிறந்த இடத்திலிருந்து பெற்றோருக்கு நகர்ந்துவிட்டது என்பதை நாம் கவனிக்கணும்.

தமிழ் படித்தவர்களுக்கு நன்னூல் சொல்லும் ‘தகுதி வழக்கு’ நினைவிருக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்று வகை. சபையில் சொல்லக்கூடாத சொல்லை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். இலக்கணத்தின் ‘தகுதி’ வேறு, தேர்தல் சட்டத்தின் ‘தகுதி’ வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்தச் சொல் ஒற்றுமையை விட மனசு வரவில்லை. ‘கறுப்பன் எப்படி அதிபராகலாம்’ என்பது சபையில் சொல்லக்கூடாததாகிவிட்ட பிறகு, அதே வாக்கியம் ‘வேட்பாளர் தம் தகுதியை நிரூபிக்க வேண்டும்’ என்று உடை மாற்றிக்கொண்டு வருகிறது. பிரதியில் எந்த இனத்தின் பெயரும் கிடையாது. எல்லா வேட்பாளருக்கும் பொது. இந்தப் பொதுமைதான் அதன் பலம். யாரைக் குறிவைக்கிறது என்று நீங்கள் சொன்னால், ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே, நீங்கள்தானே சொல்கிறீர்கள்’ என்று பிரதி கையை விரித்துவிடும்.

இந்த உத்தியின் முழு வளர்ச்சியைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம், பாக் நீரிணையைத் தாண்டினால் போதும். சுதந்திரம் பெற்ற அதே 1948இல் இலங்கை நிறைவேற்றிய 18ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ‘இந்தியத் தமிழர்’, ‘தோட்டத் தொழிலாளர்’ என்ற சொற்களைத் தேட வேண்டிய அவசியமில்லை, இல்லாமலேயே காரியம் நடந்தது. சட்டத்துக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிக் குடிமகன் ஆக வேண்டுமென்றால் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்கணும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்கணும். தான் பிறந்தது போதாது. தாய் வழி கணக்கிலேயே கிடையாது.

கண்டிச்சீமைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் என்ன காகிதம் இருந்திருக்கும்? நம் வட்டாரத்தில் இதில் ஒரு வர்க்க வித்தியாசம் இருக்கிறது. ரங்கூனுக்கும் மலேயாவுக்கும் போன நகரத்தார் காகிதத்தின் மேல் வாழ்ந்தவர்கள்: கணக்கு, பத்திரம், கடிதம், எல்லாம் பெட்டகத்தில். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் சீமைகளிலிருந்து கங்காணி பின்னால் போனவர்களைப் பற்றியும் தோட்டம் எழுதிவைத்தது, எழுதாமலில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்ற எண் பொறித்த தகர வில்லையோடு ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக ‘துண்டு’ வேணும். அந்தத் துண்டில் இருந்தது கடன் பாக்கி. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை தொழிலாளியின் அடையாளமே அவர் பட்ட கடன்தான். பட்ட கடனை வரி பிசகாமல் எழுதிய அதிகாரம், பாட்டன் லயத்தில் பிறந்ததை எழுதிவைக்க அக்கறைப்படவில்லை. எழுதப்படாமல் போனதன் பொறுப்பு 1948இல் எழுத்தறியாத பேரன் தலையில் விழுந்தது. ஆவணம் இல்லாமை இயற்கையாக நேர்ந்தது மாதிரியே பேசப்படுகிறது. அதுவும் உற்பத்தி செய்யப்பட்டதுதான் என்பதை நம் விமர்சகர்கள் போதிய அளவு சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

தகப்பன்மார் விட்டுவந்த சமஸ்தானமும் அந்த ஆண்டில் இல்லாமல் போயிற்று. 1948 மார்ச் 3இல் புதுக்கோட்டை இந்திய யூனியனோடு சேர்ந்தது. நவம்பரில் இலங்கைச் சட்டம் அமலுக்கு வந்தது. ஒரே வருஷத்தில் பூர்வீக அரசும் மறைந்து, பிறந்த மண்ணும் கைவிட்டது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவு மூலம் குடியுரிமை பெற வழி விட்டது. மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது வசித்ததை நிரூபிக்கணும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. குலசாமி கும்பிட ஊர் வந்துபோனால் ‘இடைவிடாது’ என்பது இடறும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றம் போயிருந்தார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. மேலே ஏழு நாற்காலி காலியானதற்கும் கீழே பாட்டன் கடுதாசி கேட்டதற்கும் உள்ள தொடர்பு இவ்வளவு வெளிப்படை. இதில் யாழ்ப்பாணத் தலைமையின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. ஜி.ஜி. பொன்னம்பலம் அதே 1948இல் அந்த அரசில் அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்துபோய் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. வாக்காளர் பட்டியலில் பெயர் மறுக்கப்பட்ட கோடக்கன் பிள்ளையின் வழக்கில் 1953இல் தீர்ப்பு வந்தது. குடியுரிமைக்கு நிபந்தனை வகுப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான உரிமை, சட்டம் ஒரு சமூகத்தைப் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை என்பதே சாரம். இடக்கரடக்கல் நீதிமன்றத்தில் வென்றது. அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை: 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைத் தலை எண்ணி 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாக்கினார்கள். தீராத பாக்கியைத் தீர்க்க 2003இல் 35ஆம் எண் சட்டம் வரணும், அதாவது 55 வருஷம்.

இனி அதே நாட்டில் 2019. கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதி வேட்பாளர். 2003இல் அமெரிக்கக் குடிமகனாகி, அதனால் இலங்கைக் குடியுரிமை இழந்தவர். 2015இன் 19ஆம் திருத்தம் இரட்டைக் குடியுரிமையாளர் ஜனாதிபதி ஆகக்கூடாது என்று சொல்லியிருந்தது. அந்தத் திருத்தமே ராஜபக்ச குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்ற பேச்சு உண்டு. நான் அதை மறுக்கப் போவதில்லை. குறிவைக்கும் சட்டம் நமக்குப் பிடிக்காதவரைக் குறிவைத்தாலும் குறிவைக்கும் சட்டம்தான். அவர் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழைப் பெற்றது 2005 நவம்பரில். கையெழுத்திட்டவர் பதவியேற்றுச் சில நாட்களே ஆன அண்ணன் மகிந்த. அப்போது அமைச்சரவையே அமையவில்லை. துறை அமைச்சர் செய்ய வேண்டியதை ஜனாதிபதி எப்படிச் செய்தார் என்று காமினி வியங்கொடவும் சந்திரகுப்த தேனுவரவும் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். 2019 அக்டோபர் 4இல் மனு தள்ளுபடி. நவம்பரில் அவர் ஜனாதிபதி.

லயத்துப் பேரனுக்குப் பூட்டன் வரை சான்று வேணும். இங்கே அண்ணன் கையெழுத்து போதும். அதிகாரத்தில் இருப்பவர்களின் காகிதம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதிகாரமே அதற்குச் சாட்சி சொல்லும். 2022 ஜூலையில் அவரை நாட்டை விட்டு ஓடவைத்தது சான்றிதழ் இல்லை, காலிமுகத்திடலில் கூடிய சனம். இதற்காகப் பதவிக்கு வருகிறவர்களின் காகிதத்தைச் சோதிக்கவே கூடாது என்று நான் வாதாடவில்லை. 2024 மே மாதத்தில் டயானா கமகே இலங்கைக் குடிமகளே இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னபோது அவர் இராஜாங்க அமைச்சராக இருந்தார். சட்டம் கேட்கும் தகுதி இல்லாதவர் பதவியில் இருக்கக்கூடாதுதான்.

சரி, சான்றே கேட்காமல் எப்படி என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒருவர் செய்ததற்குச் சான்று கேட்பது வேறு, பிறந்ததற்குச் சான்று கேட்பது வேறு. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், வேட்பாளர்கள் தங்கள் குற்ற வழக்குகளையும் சொத்தையும் கல்வியையும் வெளியிடணும் என்றது. கட்சிகள் கூடிச் சட்டம் போட்டு அதை மழுங்கடிக்கப் பார்த்தன. 2003 மார்ச்சில் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவைத் தூக்கி எறிந்தது. பிரமாணப் பத்திரத்தில் ஆயிரம் பொய் இருக்கலாம், ஆனால் கேள்வி கீழேயிருந்து மேலே போகிறது, வாக்காளர் ஆளவருகிறவரைக் கேட்கிறார். 2001 தேர்தலில் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனுப் போட்டார், எங்கள் புதுக்கோட்டையும் அதில் ஒன்று. நான்கும் தள்ளுபடி. தண்டனை பெற்றவர் என்பதும் இரண்டுக்கு மேல் மனுப் போட்டார் என்பதும் காரணங்கள். இரண்டுமே அவர் சம்பந்தப்பட்ட காரியங்கள். அப்போதும் ‘மைசூர்க்காரி’ என்று மேடையில் பேசுகிறவர்கள் இருந்தார்கள், அது பிறப்பைப் பற்றிய பேச்சு. சட்டம் நல்லவேளையாக அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 58ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்குக் கேட்பது: இந்தியக் குடியுரிமை, 35 வயது, மக்களவை உறுப்பினராகும் தகுதி, ஆதாயப் பதவியில் இல்லாமை. ‘பிறப்பால்’ என்ற சொல் கிடையாது. பதிவு செய்து குடியுரிமை பெற்றவரும் வரலாம். 1999 மே மாதத்தில் சங்மா, சரத் பவார், தாரிக் அன்வர் மூவரும் 1983இல் குடிமகளான சோனியாவை மனதில் வைத்து, உயர் பதவிகள் இம்மண்ணில் பிறந்தவர்க்கே என்று கிளம்பினார்கள். அரசியல் சட்டம் திருத்தப்படவில்லை. அதே சங்மா 2012இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் பிரணாப் முகர்ஜியிடம் தோற்று, பிரணாப் ஆதாயப் பதவி வகித்தவர் என்று வழக்குப் போட்டார். ஐந்து நீதிபதிகளில் மூவர் தள்ளினார்கள்.

1952ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியரசுத் தலைவர் வேட்பாளர் மனுவோடு இணைக்க வேண்டிய சான்று ஒன்றுதான்: வாக்காளர் பட்டியலில் தம் பெயருள்ள பதிவின் சான்றளிக்கப்பட்ட நகல். 1997 முதல் முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர், 15,000 ரூபாய் காப்புத்தொகை. (1967இல் 17 பேர் நின்றார்கள், சாமானியர் நிற்பதைத் தடுக்க 1974இல் தொடங்கிய வேலை இது. அது தனியாக எழுத வேண்டிய சங்கதி.) பிறப்புச் சான்று எங்கும் கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால்? உழவூரில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணனின் அதிகாரபூர்வப் பிறந்த நாள் 1920 அக்டோபர் 27. அது பள்ளியில் சேர்க்கப் போன உறவினர், சரியான தேதி தெரியாமல், வாய்க்கு வந்ததைச் சொன்ன தேதி. அரிசோனா மசோதா இங்கே சட்டமாக இருந்திருந்தால், எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்று கேட்ட முதல் கேள்வியிலேயே அவர் நின்றிருப்பார். ‘எல்லோருக்கும் பொதுவான’ நிபந்தனை யாரைத் தடுக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆக, நம் நாட்டில் உச்சிப் பதவிக்கான சான்று ஒரு வரியில் நிற்கிறது, வாக்காளர் பட்டியலின் ஒரு வரி. அந்த வரியின் அடியில் மண் அரிக்கத் தொடங்கி நாளாயிற்று. 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்கணும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இன்னொருவரும் குடிமகனாக, அல்லது குறைந்தபட்சம் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராக இருக்கணும். 1986ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இலங்கையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். கொழும்பு 1948இல் செய்ததை டெல்லி தவணை முறையில் செய்கிறது. தமிழ்நாட்டு முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. பின்னர் அவர் வாக்காளரும் ஆனார். 58ஆம் உறுப்பின்படி இன்று அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில்கூட நிற்கலாம். அதே முகாமில் இரண்டு வருஷம் கழித்து, இலங்கைப் பெற்றோருக்கே பிறந்தவர் ஊராட்சி வார்டு உறுப்பினராகக்கூட நிற்க முடியாது.

அஸ்ஸாமில் 2018 ஜூலையில் வெளியான குடிமக்கள் பதிவேட்டு வரைவில் விடுபட்ட 40 லட்சம் பேரில், முன்னாள் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதுவின் உடன்பிறந்தார் மகன் குடும்பமும் இருந்தது. எமர்ஜென்சிக்குக் கையெழுத்துப் போட்டவரின் குடும்பம். முன்னோரின் பழைய ஆவணம் கிடைக்கவில்லையாம்.

2025 நவம்பரில் ‘சிறப்புத் தீவிரத் திருத்தம்’ என்று தமிழ்நாட்டில் வீடுவீடாக ஒரு படிவம் வந்தது. 2002, 2005 பட்டியல்களில் உங்கள் பெயர் எங்கே. உங்கள் பெயர் இல்லையென்றால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயர் எங்கே. தொகுதி எண், பாகம் எண், வரிசை எண். 1970களில் கப்பலில் வந்து இறங்கி, மண்டபம் வழியாகப் போய், புனர்வாழ்வு என்ற பெயரில் நூற்பாலைக்கும் நீலகிரித் தேயிலைக்கும் கொத்தடிமைக்கும் சிதறி, வேலை தேடி ஊர் ஊராக மாறிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை அந்தக் கட்டங்களை நிரப்பணும். 2027இல் வர வேண்டிய குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மனுப் போடுகிறவர்கள் இணைக்க வேண்டிய நகலும் இப்படித் திருத்திய பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படும்.